நிழலூர் விழிக்கும் நேரம்

கோயம்புத்தூரில் நினைத்த நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் வழக்கம் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. பச்சை விழ வேண்டும். கைப்பேசியில் பச்சை விழுந்தால்தான் ஸ்கூட்டர் உயிர்பெறும். பேருந்து தன் கதவைத் திறக்கும். விழாதவர்கள் இன்னொரு தம்ளர் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். "பச்சை விழுந்துருச்சுங்களா?" என்பது "சாப்பிட்டாச்சுங்களா?" என்பதைப் போல ஒரு குசல விசாரிப்பாகவே ஆகிப்போனது. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களும், அவினாசி சாலையில் ஹாரன் சத்தமே கேட்காமல் போன முதல் வாரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

பச்சையைத் தருவது நிழலூர். சாருமதி வேலைபார்த்த நிறுவனம் அரசாங்கத்தின் புறப்பாட்டு வாரியத்துக்குச் செய்துகொடுத்த போக்குவரத்து சிமுலேஷன் அது. அதற்கு நீளமான வேறொரு பெயர் உண்டு. ஒப்பந்தத் தாள்களுக்கு வெளியே யாரும் அதைச் சொன்னதில்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஒரு நிழல் இருந்தது. நிஜ ஊர் விழிப்பதற்கு முன்பே நிழலூர் விழித்து, வரப்போகும் பகலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடும். எங்கே நெரியும், எங்கே காலியாகக் கிடக்கும் என்று தெரிந்துகொண்டு, இவருக்கு இப்போது, அவருக்குக் கொஞ்சம் பிந்தி என்று பச்சையைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு அசுர வேகம். எழுந்திருக்கத்தான் நேரமாகும். காலை வேளையில் அது யாருக்கும் தெரியவில்லை. பகலில் திடீரென்று மழை கொட்டினாலோ, சாலையில் மரம் விழுந்தாலோ, நிழலூர் நினைத்த பகலும் நடக்கிற பகலும் வேறுவேறாகிவிடும். அப்போது அதை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். அது எழுந்து முடிக்கிறவரை, ஏறக்குறைய இருபது நிமிஷம், ஊரின் சிக்னல்கள் எல்லாம் மஞ்சளில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் அப்படி நின்ற ஒரு மதியம் சுங்கம் ரவுண்டானாவில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. உள்ளே பிரசவ வலியில் இருந்த பெண் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ராஜரத்தினம் சாருமதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிறுவனத்தின் தலைவர், பழைய ஸ்பின்னிங் மில் குடும்பம். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகிற மனிதர்.

"ஒரு நிமிஷம், அம்மணி. அதுக்குள்ள எந்திரிக்கோணும். வாரியத்துல வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"இருபதுல இருந்து ஒண்ணுக்குங்களா சார்?"

"அந்தப் புள்ளயோட வூட்டுக்காரரு நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாருங்க. சத்தம் போடல, கல்லெறியல. நின்னாரு, போய்ட்டாரு." மேசைமேல் இருந்த பேனாவை அவர் நகர்த்தி வைத்தார். "கல்லெறிஞ்சிருந்தாத் தேவலைங்க."

எது தாமதப்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சாருமதியின் தொழில். வேகமாக்குவதற்கு ஆள் கிடைப்பார்கள், அளப்பதற்குக் கிடைக்கமாட்டார்கள். தாமதம் எப்போதும் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் எப்போதும் வேறோர் இடத்தில் தேடுவார்கள் என்பது அவள் அனுபவம். அவளோடு வேலைபார்த்த ஆரோக்கியராஜ் இளைஞன், போத்தனூர்க்காரன், எந்தச் சிக்கலையும் குடும்ப விவகாரமாக மாற்றித்தான் புரிந்துகொள்வான்.

"எந்திரிக்கறதுன்னா அப்படி என்னதான் மேடம் பண்ணுது? ஆளக் கொண்டாந்து அவனவன் வாசல்ல நிறுத்துனாப் பத்தாதா?"

"பத்தாது. எங்க போறான்னு மட்டும் தெரிஞ்சா ஆகாது, எதுக்குப் போறான்னு தெரியணும். பரீட்சைக்குப் போறவன் மழையில நனைஞ்சாவது போவான். புடவை எடுக்கப் போறவங்க நாளைக்குப் பாத்துக்கலாம்பாங்க. காரணம் தெரிஞ்சாத்தான் மழை வந்தா அந்த ஆளு என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியும்."

"அப்ப ஒவ்வொருத்தனையும் எழுப்பி உக்காரவெச்சு, எங்க கண்ணு போற, எதுக்கு கண்ணு போறன்னு கேக்குது."

"கேக்கறதில்ல. அவங்க பழைய பயணத்தையெல்லாம் எடுத்துப் போட்டு, அதுவா கண்டுபிடிக்குது."

"என்ற மாமியாரக் கல்யாணத்துக்குக் கெளப்பற கதைதான். பத்துப் பேரு ரெடியாகி வண்டில உக்காந்திருப்போம். அவுங்க ஒருத்தரு பீரோ முன்னாடி நிப்பாங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மையாக இருந்தது. ஒவ்வொரு நிழலும் எழ எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று சாருமதி தனித்தனியாக அளந்தபோது, பெரும்பாலான நிழல்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துவிட்டன. கொஞ்சம் பேர்தான் மொத்த நேரத்தையும் தின்றுகொண்டிருந்தார்கள். அநேகமாகப் பெண்கள். வீடு, பள்ளிக்கூடம், மாவு மில், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மறுபடி பள்ளிக்கூடம், வீடு என்று அவர்களுடைய பகல் சிக்குக் கோலம் போலச் சுற்றிச் சுற்றி வந்தது. சுற்றலில்தான் தாமதம் என்று அவள் முதலில் நினைத்தாள். அதுவும் இல்லை. இதைவிடச் சிக்கலான பகல்கள்கூடச் சட்டென்று எழுந்தன. தாமதம் ஏதாவது ஒரே ஒரு நிறுத்தத்தில் இருந்தது. அந்த இடத்தில் அந்த ஆள் ஏன் இறங்கினாள் என்பதற்கு நிழலூர் தன்னிடம் இருந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. வேலை இல்லை, கடை இல்லை, கோயில் இல்லை, உறவுக்காரர் வீடு இல்லை. ஒன்றும் பொருந்தாமல் முதலிலிருந்து தேடியது.

பட்டியலில் எல்லோரையும்விடத் தாமதமாக எழுந்த நிழலை எடுத்து அவள் வரைபடத்தில் விட்டுப் பார்த்தாள். நிழல்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், சட்டம் அப்படி. வடவள்ளியில் ஓர் அடுக்ககத்திலிருந்து ஒரு புள்ளி கிளம்பியது. பள்ளிக்கூடம் போயிற்று. டயாலிஸிஸ் மையத்தில் காத்திருந்தது. உழவர் சந்தை, மருந்துக்கடை. புதன்கிழமைகளில் மட்டும் மதியம் பேருந்தில் ஏறி, இடிக்கப்பட்ட ஒரு மில்லின் பழைய நிறுத்தத்தில் இறங்கியது. அங்கே அரைமணி நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அடுத்த பேருந்தில் ஏறித் திரும்பிவிட்டது.

அடுக்ககத்தின் வாசலைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சாருமதிக்கு அதன் நீலக் கேட்டை அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூடம் தன் மகளுடையது. டயாலிஸிஸ் தன் அம்மாவுக்கு. புள்ளி, அக்கா.

வசந்தாமணி அவளைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தவள், ஏன் வந்தாள் என்று சொல்லவில்லை; கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு இருவரும் சாருமதியோடு வந்து தங்கினார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சாருமதிக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அன்று மாலை அக்கா சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை அந்த மில் ஸ்டாப்புல எறங்குவியாக்கா?"

கத்தி நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆபீஸ்ல வேற எதையோ பாக்கப்போயி கண்ணுல பட்டுச்சு."

"எறங்குவேன்."

"யாரையாச்சும் பாக்கறதுக்கா?"

"அங்க யாரு இருக்கா பாக்கறதுக்கு? மில்லையே இடிச்சுப்போட்டாங்க."

"அப்பறம் எதுக்கு?"

"சும்மா." அக்கா நறுக்கியதைக் கிண்ணத்தில் தள்ளினாள். "ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்குது. உக்காந்திருப்பேன். ரெண்டு மூணு பஸ்ஸு போகும். அப்பறம் வர்றதுல ஏறி வந்துருவேன்."

"உக்காந்து என்ன யோசிப்ப?"

"யோசிக்கறதுக்கு எதுக்குடி அத்தன தூரம்? அத இங்கயே பண்ணலாமே." பிறகு தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். "ஏன், தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல."

"அப்ப உடு."

தட்டாமல் கதவைத் திறந்துவிட்டவள் போலச் சாருமதி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மறுநாள் அலுவலகத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தன் நிழலை எடுத்துப் பார்த்தாள். வீடு, அலுவலகம், நடுவில் ஒரு நேர்கோடு. அளவுகோலால் கூடப் பிடிக்க முடியாத நேரத்தில் அது எழுந்து நின்றது. கணவன் தினகரனுடையதும் அதே மாதிரி நேர்கோடுதான். அந்த இரண்டு கோடுகளும் வளையாமல் இருப்பதற்காக இன்னொருத்தி எவ்வளவு வளைந்து போகிறாள் என்பதை அவள் முதன்முதலாக ஒரு படமாகப் பார்த்தாள். தெரியாத விஷயம் என்று சொல்ல முடியாது. படமாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ராஜரத்தினத்தின் அறையில் ஆரோக்கியராஜ் தன் யோசனையைச் சொன்னான். "காரணம் கெடைக்காத நிறுத்தத்தையெல்லாம் தூக்கிறலாம் சார். அவுங்க அங்க எறங்கவே இல்லைன்னு வெச்சுக்குவோம். நேரம் சடார்னு கொறைஞ்சுரும்."

"தூக்கிட்டா அந்த எடத்துக்குப் பச்சையே விழாது" என்றாள் சாருமதி.

"காரணமில்லாமப் போறவங்களுக்குப் பச்சை எதுக்குங்க மேடம்?"

சாருமதி ராஜரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "நிழலூர் ஏன் தேடிக்கிட்டே இருக்குதுன்னா, காரணம்னு ஒண்ணு இருந்தே தீரணும்னு நாம அதுக்குச் சொல்லிவெச்சிருக்கோம் சார். பட்டியல்ல ஒண்ணு சேத்தாப் போதும். சும்மான்னு. ஒண்ணும் பொருந்தலியா, சும்மா போறாங்கன்னு எடுத்துக்கிட்டுத் தேடறத நிறுத்திரும்."

ராஜரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். "வாரியத்துக்கு அத இங்கிலீஷ்ல என்னன்னுங்க எழுதறது?"

"எழுதாதீங்க சார். அப்படியே வெச்சிருங்க."

அப்படியே வைத்தார்கள். நிழலூர் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்தது. கார்த்திகையில் ஒரு சாயங்காலம் திருச்சி சாலையில் மரம் விழுந்தது. சிக்னல்கள் மஞ்சளுக்குப் போயின. என்னவென்று ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் பச்சைக்குத் திரும்பின. அந்த நேரத்தில் மாரடைப்போடு போய்க்கொண்டிருந்த ஒருவர் பிழைத்தார். அவருடைய மகன் அலுவலகத்துக்கே வந்து, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ராஜரத்தினம் பேக்கரியிலிருந்து ஹனி கேக் வரவழைத்தார். ஆம்புலன்ஸும் போகிறது, அக்காவும் போகிறாள் என்று நினைத்தபடி சாருமதி இரண்டு துண்டு சாப்பிட்டாள். தன் வேலையைப் பற்றி அவ்வளவு நிம்மதியாக அவள் அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

தை பிறந்ததும் வாரியத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் தெரிந்துவிட்டது என்றால், எல்லாக் காரணத்துக்கும் ஒரே மரியாதை எதற்கு? நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. வரிசை போட்டார்கள். ஆஸ்பத்திரி, பரீட்சை, வேலை என்று கீழே இறங்கியது. துக்கம் விசாரிக்கப் போவதை எங்கே வைப்பது என்று வந்தபோது ராஜரத்தினம் யோசிக்கவே இல்லை.

"வேலைக்கு மேல வைங்க. எளவு வூட்டுக்குப் போறவன மறிச்சு நிறுத்துனா, நாளைக்கு நம்ம எளவுக்கு ஒருத்தன் வரமாட்டான்."

கடைசியில் இருந்தது சும்மா. இனிமேல் கிளம்புகிறவர்களே கைப்பேசியில் காரணத்தைத் தொட்டுச் சொல்லவேண்டும் என்றும் ஆயிற்று. அதனால் நிழலூர் எழுகிற நேரம் இன்னும் குறைந்தது.

புதன்கிழமை வந்தால் அக்காவின் கைப்பேசியில் 'காத்திருக்கவும்' என்று வந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்வரை காத்திருந்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே சாருமதியின் மகளை அழைத்துவரப் போனாள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கொஞ்சம் அதிகமாகப் பாத்திரம் தேய்த்தாள். ஒரு தடவை சாம்பாருக்கு உப்புப் போட மறந்தாள். அந்த வீட்டில் அது ஒரு சம்பவம்.

மாசி நடுவில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அக்காவின் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்ததைச் சாருமதி பார்த்தாள்.

"பச்சை விழுந்துச்சா?"

"பொள்ளாச்சிப் பெரியப்பாவுக்குத் துக்கம் கேக்கப் போனேன்."

"அவரு போய் நாலு வருஷம் ஆச்சேக்கா."

"அதான் பாவமில்லைன்னு போட்டேன். போன வாரமும் அவரத்தான் போட்டேன்." அக்கா சிரிக்கவில்லை, ஆனால் கண் சிரித்தது. "கீழ்வீட்டு ஜோதிமணி சொல்லிக்குடுத்தா. துக்கம்னு தொட்டா ஒடனே விழுதாம். அவ மாமியார மூணு வாட்டி கொன்னுபோட்டா. அந்தம்மாவும் கூடவே போயி, பாப்கார்ன் தின்னுக்கிட்டு சினிமா பாக்கறாங்க."

அலுவலகத்தில் ஆரோக்கியராஜ் திரையைத் திருப்பிக் காட்டினான். "ஊர்ல பாதிப்பேரு செத்துட்டாங்க மேடம். மீதிப்பேரு துக்கம் கேக்கப் போய்ட்டிருக்காங்க." சும்மா என்ற கட்டத்தில் அந்த வாரம் ஒருவர்கூட இல்லை. நிழலூர் எழுகிற நேரமும் ஓடுகிற வேகமும் அதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தன. அந்த இரண்டு எண்களை மட்டுமே வாரியம் கேட்டதால், அந்த இரண்டு எண்களை மட்டுமே அனுப்பினார்கள்.

பங்குனியில் கோடை மழை பெய்தபோது விஷயம் வெளியே வந்தது. துக்கத்துக்குப் போகிறவர்களை நிறுத்த முடியாது. எல்லோருமே துக்கத்துக்குப் போனார்கள். சாலையைக் காலி செய்யத் தடுத்து நிறுத்துவதற்கு ஆளே இல்லாமல் நிழலூர் திணறியது. ஓர் ஆம்புலன்ஸ் மறுபடி நின்றது. இந்தத் தடவை உயிர் போகவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் போயிருக்கும்.

"பெரியப்பா, மாமான்னு தூரத்து ஒறம்பரையெல்லாம் இனி செல்லாதுங்க" என்றார் ராஜரத்தினம். "பெத்தவங்க, பொறந்தவங்க, பொண்டாட்டி புருசன், புள்ளைங்க. அதும் பேரு சொல்லோணும். கூடப்பொறந்தவங்க பேரச் சொல்லி யாரும் பொய் சொல்லமாட்டாங்க."

"அத நம்பலாம் சார்" என்றாள் சாருமதி.

அதை எழுதுகிற வேலை அவளுடையது. எழுத உட்கார்ந்தபோது அவள் கை நின்றது. அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அப்பா ஏற்கெனவே இல்லை. இந்தச் சில வரிகளோடு அந்த மரத்தடி முடிந்துவிடும். ஒரு சின்ன ஓட்டையை விட்டுவைத்தால் ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. பிரசவ வலியோடு போன பெண்ணை நினைத்தாள். ஒரு தராசில் வைக்கக்கூடாத இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் உயிர். மறுபக்கம் அரைமணி நேரம். இப்படி வைத்தால் எப்போதும் ஒரே பக்கம்தான் தாழும் என்பதும், இப்படி வைத்தே பழகிவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே எழுதி முடித்தாள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரையில், ஒரு புதன்கிழமை காலை அவளுக்குப் பச்சை விழவில்லை.

தினகரனுக்கு விழுந்தது, போனான். மகளுக்கு விழுந்தது, அன்றைக்கென்று அக்கா சொல்லிவைத்திருந்த பள்ளிக்கூட வண்டியில் ஏறினாள். சாருமதியின் கைப்பேசியில் 'காத்திருக்கவும்' என்றுகூட வரவில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் ஆரோக்கியராஜைக் கூப்பிட்டாள்.

"என் நிழல் எழுந்துச்சான்னு பாரேன்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம்... நீங்க எந்திரிக்கல."

"ஏன்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நேத்து செத்துப்போட்டீங்க."

சாருமதி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அந்த வெறுமையான இடத்தை மறுபடி பார்த்தாள்.

"கூடப்பொறந்தவங்க சொன்னா நம்பலாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அதனால சர்டிபிகேட் வர்றவரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு போன வாரம் மாத்துனேன். இல்லாதவங்கள எதுக்கு தினமும் எழுப்பிக்கிட்டுன்னு. நேரம் மிச்சமாச்சு. நீங்களே நல்லாருக்குன்னீங்க."

"சரி. திருப்பி எழுப்பு."

"அதுக்கு நீங்க வாரியத்துக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் மேடம்."

"பச்சை இல்லாம எப்படிப்பா வர்றது?"

அவன்தான் முதலில் சிரித்தான். உடனே மன்னிப்புக் கேட்டான். ராஜரத்தினத்திடம் சொல்லி ஏதாவது செய்கிறேன், இரண்டு நாள் ஆகலாம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். மடிப்புக் கலையாத வாயில் சேலை கட்டியிருந்தாள். காலையிலேயே கிளம்பிவிட்டாள், மதியம்வரை காத்திருக்கவில்லை. கையில் கைப்பேசி, அதில் பச்சை.

"என்ன நீ கெளம்பலியா?"

"எனக்குப் பச்சை வராது. நான் செத்துட்டேனாம்."

அக்கா அவளைப் பார்த்தாள். அதிர்ச்சி அடைந்த மாதிரித் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக வந்ததை ஒத்துக்கொள்கிற முகம்.

"உன்ற வேலைய இப்படி மறிச்சு நிறுத்தும்னு தெரியாது சாரு. சத்தியமா." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "யாராவது ஒருத்தர் பேரப் போடச் சொல்லுது. எனக்கு இருக்கறதே ரெண்டு பேரு. அம்மா பேரப் போட மனசு வரல."

கோபப்படலாம் என்று சாருமதி தேடிப் பார்த்தாள். பொருத்தமான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அம்மாவுக்குப் பத்து மணி மாத்திரை டப்பாவுல இருக்குது. சாதம் வடிச்சுட்டேன். ரசம் மட்டும் நீ வெச்சுக்கோ. அம்மாவுக்கு உப்பு போட்டுறாத."

"புளி எங்கக்கா இருக்கு?"

அக்கா நின்று திரும்பினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தது. "மேல் தட்டுல. நீல ஜாடி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பால்கனியிலிருந்து சாருமதி பார்த்தாள். பேருந்து வந்து நின்றது. அக்காவுக்குக் கதவு உடனே திறந்தது. கதவுக்கு மேல் 'துக்கம்' என்று எழுத்து ஓடியதைப் பார்த்து ஓர் ஆள் எழுந்து ஜன்னலோரத்தில் இடம் கொடுத்தான். அக்கா தலையசைத்து வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்காகச் சிக்னல்கள் விலகும்.

உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள், "யாருடி போறது?"

"அக்கா."

"காலங்காத்தால எங்க போறா?"

"துக்கம் கேக்க."

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "ஐயோ, யாரு போய்ட்டாங்க?"

சாருமதி மேல் தட்டைத் திறந்தாள். அங்கே நீல ஜாடிகள் மூன்று இருந்தன.

"தெரிஞ்சவங்கதாம்மா" என்றாள், முதல் ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தபடி. "நீ படு."